லெபனான் முறைப்படி

அஜந்தினியின் கலியாண வரவேற்புக்கு இன்னும் நூற்றுப் பதினான்கு மணித்தியாலங்கள் இருந்தன. ஹோல் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

ஹோல் எங்கேயும் ஓடிவிடவில்லை. டென்மார்க்கில் ஸ்கீவவுக்கும் விபோர்க்குக்கும் நடுவில், பிள்ளைகள் போதாமல் கொம்யூன் என்ற உள்ளூராட்சி மூடிவிட்ட ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபம்தான் அது. வடமேற்கு யூலாந்து தமிழர் ஒருங்கிணைந்த சமாசத்துக்குக் கொம்யூன் அதைப் பல வருடங்களுக்கு முன்னரே கொடுத்திருந்தது. கதவின் திறப்பு வாசல் சுவரில் இருந்த சிறிய இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்கு மூன்று பூட்டுகள். ஒன்றின் திறப்பு கத்தோலிக்கத் தரப்பிடமும், ஒன்றினது சைவத் தரப்பிடமும், ஒன்றினது பெந்தெகொஸ்தே தரப்பிடமும் இருந்தன. மூன்று தரப்பும் ஒரே நேரத்தில் வந்து நின்றால்தான் கதவு திறக்கும். சுடுதண்ணிக் கேத்தில் இருந்த அலுமாரிக்கும் அதே ஏற்பாடுதான்; அதில் எந்தப் பூட்டை முதலில் திறப்பது என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அதனால் மூன்று வருடங்களாக எல்லோரும் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் தேத்தண்ணி கொண்டுவந்தார்கள்.

இதற்கு லெபனான் முறை என்று பெயர்.

மூன்று வருடங்களுக்கு முன், நத்தார் ஒளிவிழாவையும் பொங்கலையும் ஒரே நாளில் வைப்பதென்று சமாசம் முடிவெடுத்தது. முதலில் குத்துவிளக்கா, ஜெபமா என்ற கேள்விக்கு விடை காணாமலே விழா தொடங்கியது. ஒரு தரப்பு ஜெபித்துக்கொண்டிருக்க, மறு தரப்பு விளக்கைக் கொளுத்திவிட்டது. சாம்பிராணிப் புகையில் அபாயமணி அடித்து, தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தது. இங்கே பொறுப்பானவர் யார் என்று தீயணைப்புக்காரர் கேட்டார். நான்கு பேர் முன்னால் வந்தார்கள்.

அன்றைக்கே சமாசத்துக்கு ஒரு அரசியல் யாப்பு வேண்டும் என்று தலைவர் மரியரட்ணம் தீர்மானித்தார். மரியரட்ணம் மன்னார்க் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் நான்கு வருடங்களும் யூலாந்தின் மீன் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடங்களும் வேலை செய்தவர். ஆனால் அந்த நான்கு வருடங்களைப் பற்றித்தான் பேசுவார். அவருடைய தங்கை பவளராணி பாலர் பாடசாலை ஒன்றின் சமையலறையில் வேலை செய்தாள். அங்கே நாதியா என்று ஒரு லெபனான்காரி பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் பதினெட்டு வருடம் வரலாறு படிப்பித்தவள். பல சமயத்தவர் சேர்ந்து வாழ்வது எப்படி என்று விளக்குவதற்கு அவளை அழைத்துவந்தார்கள்.

நாதியா டேனிஷில் நாற்பது நிமிடம் பேசினாள். 1920இல் பிரெஞ்சுக்காரர் லெபனானுக்கு எல்லைக் கோடு கீறியது. 1932இல் ஆட்களை எண்ணியது, அதிலும் பிரேசிலுக்குக் கப்பலேறிப் போனவர்களைக்கூடச் சேர்த்து எண்ணியது. 1943இல் சுதந்திரம் வந்தது. சனாதிபதி மரோனைட் கத்தோலிக்கராகவும், பிரதமர் சுன்னி முஸ்லிமாகவும், சபாநாயகர் ஷியா முஸ்லிமாகவும் இருப்பதென்று வாய்ப்பேச்சில் உடன்பட்டது. நாடாளுமன்றத்தில் ஆறு கிறிஸ்தவருக்கு ஐந்து முஸ்லிம்கள்.

"எழுதி வைக்கேல்லையோ?" என்று மரியரட்ணம் கேட்டார். அவருடைய கண் கலங்கிவிட்டது. "எழுதேல்லை எண்டால் ஒருத்தரும் பிழை பிடிக்கேலாது. என்ன மூளை!"

"பிறகு என்ன நடந்தது?" என்று யாரோ கேட்டார்கள்.

"பிறகு பரீட்சை," என்றாள் நாதியா. "எங்கள் வரலாற்றுப் புத்தகம் சுதந்திரத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவதென்று ஒருவரும் உடன்படவில்லை. அதனால் எழுதவில்லை."

எல்லோரும் கை தட்டினார்கள். பவளராணி மட்டும் தமையனின் பக்கம் குனிந்தாள்.

"அண்ணை, அங்க பெரிய சண்டை ஒண்டு நடந்ததெல்லே? ரீவியில காட்டினவங்கள்."

"புத்தகத்தில இல்லையே, தங்கச்சி."

அடுத்த கூட்டத்திலேயே லெபனான் முறை நடைமுறைக்கு வந்தது. மரோனைட்டுகளும் பாப்பரசரை ஏற்பவர்கள் என்பதால் தலைவர் பதவி இயல்பாகவே கத்தோலிக்கருக்குப் போனது. மரியரட்ணம் எழும்பவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பிரதமர் என்பது செயலாளர்தான் என்று விளங்கிக்கொண்டு, அதைச் சைவர்களுக்குக் கொடுத்தார்கள். அஜந்தினியின் அப்பா இராசரத்தினம் செயலாளரானார். சபாநாயகர் என்று ஒரு பதவி சமாசத்தில் இருந்ததே இல்லை. பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்த செல்லத்துரைக்காக அது உருவாக்கப்பட்டது. கூட்டத்தில் தட்டுவதற்கென்று, அவர் வேலை செய்த இடத்திலிருந்து இறைச்சி தட்டும் மரச் சுத்தியல் ஒன்றை வாங்கிவந்தார்.

ஆறுக்கு ஐந்து என்ற விகிதத்துக்கும் ஆதாரம் இருந்தது. 1988இல் அகதி முகாமின் ஒரு அறையில் பதினொரு தமிழர் தங்கியிருந்தார்கள். ஆறு பேர் கிறிஸ்தவர், ஐந்து பேர் சைவர். இதுவே அதிகாரபூர்வமான குடிசன மதிப்பீடு என்று ஏற்கப்பட்டது. அதற்குப் பிறகு ஒருவரும் எண்ணக்கூடாது என்பது யாப்பின் முதலாம் சரத்து. லெபனான் பிரேசில்காரரைச் சேர்த்துக்கொண்டது போல, லண்டனுக்கும் கனடாவுக்கும் போய்விட்டவர்களும் உறுப்பினர்களாகவே இருந்தார்கள். இறந்தவர்களைப் பற்றி லெபனான் வரலாற்றில் தெளிவில்லாததால், அதை ஒரு உபகுழு ஆராய்ந்துகொண்டிருந்தது.

பதவிகள் பெருகின. தலைவருக்கு இரண்டு தரப்பிலிருந்தும் இரண்டு உபதலைவர்கள். உபதலைவர்களைக் கண்காணிக்க ஒரு சமநிலைக் குழு. சமநிலைக் குழுவின் சமநிலையைப் பார்க்க ஒருவர். மொத்தம் இருபத்தெட்டுப் பதவிகள். பதவி இல்லாதவர் என்று சமாசத்தில் யாருமே இல்லை என்பது மரியரட்ணத்தின் பெருமை. சிற்றுண்டித் தட்டில் ஆறு ரோல்ஸுக்கு ஐந்து வடை. ஒருவர் இரண்டாவது வடைக்குக் கை நீட்டினால், எதிர்த்தரப்பில் யாராவது கட்டாயமாக ஒரு ரோல்ஸ் சாப்பிடவேண்டும். இதில் செல்லத்துரையின் கொலஸ்ட்ரோல் ஏறியது. அது சமாதானத்துக்கு அவர் செய்த பங்களிப்பு என்று கூட்டத்தில் பாராட்டப்பட்டது.

கொம்யூனிலிருந்து கத்தரீனா என்ற அதிகாரி வந்து எல்லாவற்றையும் பார்த்து வியந்து, அனைவரையும் உள்வாங்கும் சனநாயகம் என்று ஒரு சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கொடுத்தாள். அதை மாட்ட ஆணி அடிக்கவேண்டும். ஆணி அலுமாரிக்குள் இருந்தது. சான்றிதழ் இன்னும் கதிரையில் சாய்ந்திருந்தது.

இப்படிப்பட்ட சமாசத்திடம்தான் திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கு அஜந்தினி போய் நின்றாள்.

அவளுக்கு இருபத்தெட்டு வயது. பாற்பண்ணைத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை. கண்ணாடித் தட்டுகளில் வளர்ந்திருக்கும் பக்டீரியாக்களை எண்ணுவாள். அதிகம் பேசமாட்டாள். பக்டீரியாக்கள் அதைக் குறையாக எடுப்பதில்லை. கோல்டிங்கைச் சேர்ந்த ஜெசிந்தனை அவள் கலியாணம் செய்ய இருந்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் கோல்டிங் கொம்யூனில் கலியாணப் பதிவு எழுத்து. சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு இங்கே நூற்றெண்பது பேருக்குச் சாப்பாடு. கோயிலும் இல்லை, தேவாலயமும் இல்லை என்று இரண்டு பேரும் எப்போதோ முடிவெடுத்துவிட்டார்கள். யூன் மாதத்தில் டென்மார்க்கின் ஹோல்கள் எல்லாம் யாரோ டேனிஷ்காரரின் கலியாண வெள்ளிவிழாவுக்குப் போய்விடும். இந்த ஹோலை விட்டால் நூற்றெண்பது பேரும் புல்வெளியில் குடை பிடித்துக்கொண்டுதான் சாப்பிடவேண்டும்.

"நல்ல விசயம், பிள்ளை," என்றார் மரியரட்ணம். "மாப்பிள்ளைப் பெடியன் ஆர்?"

"கோல்டிங், மாமா. ஜெசிந்தன்."

"ஜெசிந்தன் எண்டால்..."

"ஓம். கத்தோலிக்கம்."

செல்லத்துரை சுத்தியலை எடுத்து மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். "இது கலியாணத்தோட நிக்கிற விசயமில்லை. சனத்தொகை மாற்றம்."

இராசரத்தினம் தொண்டையைச் செருமினார். அவர் பன்றி வெட்டும் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்றவர். தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு, செயலாளர் பதவியைத் தவிர அவருக்குக் காலையில் எழும்புவதற்கு வேறு காரணம் இருக்கவில்லை. கூட்டம் இல்லாத நாளிலும் முகச்சவரம் செய்து, சேர்ட்டை உள்ளே விட்டுக்கொண்டு இருப்பார்.

"செயலாளர் எண்ட முறையில நான் இதை எதிர்க்கிறன்," என்றார்.

"அப்பா!"

"மகள், கூட்டத்தில என்னைச் செயலாளர் எண்டு கூப்பிடு."

"வீட்ட வாங்கோவன், செயலாளர்," என்றாள் அஜந்தினியின் அம்மா. அவள் சைவத் தரப்பின் உணவு ஒருங்கிணைப்பாளராக மேசையின் மறுமுனையில் இருந்தாள்.

இராசரத்தினம் எழுந்து, பக்கத்து வெறுங்கதிரைக்கு மாறி உட்கார்ந்தார். "இப்ப பெட்டையின்ர தகப்பனாக் கதைக்கிறன். எனக்குச் சந்தோசம். பெடியன் நல்ல பெடியன். காற்றாலைக்கு மேல ஏறி வேலை செய்யிறவன். இண்டைவரைக்கும் விழேல்லை." பிறகு பழைய கதிரைக்குத் திரும்பினார். "தகப்பனின்ர கருத்தைச் செயலாளர் கவனத்தில எடுக்கிறார். எண்டாலும் எங்கட ஐஞ்சில ஒண்டு அங்கால போறதை அனுமதிக்கேலாது."

"நான் ஒரு இடமும் போகேல்லை," என்றாள் அஜந்தினி. "நான் சைவமாத்தான் இருப்பன். அவர் அவற்ற பாட்டில இருப்பார்."

"பிள்ளையள்?" என்று செல்லத்துரை கேட்டார்.

"இன்னும் கலியாணமே முடியேல்லை, மாமா."

"கேக்கிறது என்ர கடமை. எந்தக் கணக்கில வரும்?"

செல்லத்துரையின் மனைவி கிருபாமலர் நியாயமான ஒரு வழியைச் சொன்னாள். முதலாவது பிள்ளையை ஆறிலும், இரண்டாவது பிள்ளையை ஐந்திலும் போடலாம்.

"மூண்டாவதை எங்களுக்குத் தரலாம்," என்றார் செல்லத்துரை. "எங்கட சபைக்கு இண்டைவரைக்கும் ஒருத்தரும் ஒரு பிள்ளை தந்ததில்லை."

அஜந்தினி நிலத்தைப் பார்த்தாள். நிலத்தில் கூடைப்பந்துக் கோடுகள் இருந்தன. தான் எந்தக் கோட்டுக்குள் நிற்கிறாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

"லெபனானில இப்பிடியான சோடியள் என்ன செய்யினமாம்?" என்று தலைவர் கேட்டார்.

"நாதியா சொன்னவள்," என்றாள் பவளராணி. "அங்க சமயம் இல்லாத எழுத்து இல்லையாம். கன பேர் சைப்பிரசுக்குப் பிளேனில போய் எழுதிப்போட்டு வருவினமாம்."

"அப்ப அதுதான் வழி. சைப்பிரசுக்குப் போகட்டும்."

"மாமா, கோல்டிங் ஒண்டரை மணித்தியாலம்தான். அங்க கொம்யூனிலயே எழுதுறம்."

"அது டென்மார்க்குச் சட்டம், பிள்ளை. எங்கட யாப்பின்படி சைப்பிரஸ்."

செல்லத்துரையின் மகளும் துணைச் சபாநாயகருமான ஹன்னா, தொலைபேசியிலிருந்து தலை நிமிராமல் டேனிஷில் ஒரு சொல் சொன்னாள். அது கூட்டக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை. விடயம் முத்தரப்புக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. கோடை விடுமுறை முடிந்து குழு கூடும்.

அடுத்த நாள் மாலை ஜெசிந்தன் தொலைபேசி எடுத்தான். சிரிப்பதா கோபிப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நான் வந்து கதைக்கட்டே?"

"வேண்டாம். நீங்கள் வந்தால் ஒரு கத்தோலிக்கர் கூடிப்போகும்."

"உங்கட சமாசத்தில மொத்தம் எத்தினை பேர்?"

"அது கேக்கக்கூடாத கேள்வி."

"உமக்குத் தெரியுமோ, தெரியாதோ?"

"தெரியும்."

"எத்தினை?"

அஜந்தினி தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள். பக்கத்து அறையில் அப்பா, கூட்டம் இல்லாத அடுத்த நாளுக்காகச் சேர்ட் மினுக்கிக்கொண்டிருந்தார். மினுக்கியின் ஆவி சீறுவது கேட்டது.

"அதைச் சொன்னால் அப்பாவுக்கு ஒண்டும் மிஞ்சாது," என்றாள்.

புதன்கிழமை கத்தரீனா கொம்யூனிலிருந்து தொலைபேசி எடுத்தாள். ஹோல் உடன்படிக்கை வெள்ளிக்கிழமை நண்பகலோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்க ஒரேயொரு விபரம்தான் வேண்டும்: சமாசத்தில் எத்தனை உறுப்பினர்கள்? எந்த எண்ணாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் எண் வேண்டும். இல்லாவிட்டால் ஹோல் அடுத்து வரிசையில் நிற்கும் நாய்ப் பயிற்சிச் சங்கத்துக்குப் போய்விடும். அவர்கள் தங்கள் விபரத்தைப் பிசகில்லாமல் கொடுத்துவிட்டார்கள். பதினான்கு ஆட்கள், பதினாறு நாய்கள். சனிக்கிழமை காலையிலேயே பயிற்சியைத் தொடங்கத் தயார்.

கலியாணத்தை விட்டுவிட்டு எல்லோரும் இப்போது எண்ணைப் பற்றிப் பயப்படத் தொடங்கினார்கள். வியாழக்கிழமை ஐந்து மணிக்கு அவசரக் கூட்டம். இருபத்தெட்டுப் பதவிகளும் வந்திருந்தன. யாப்பு ஆலோசகராக நாதியா அழைக்கப்பட்டிருந்தாள். கத்தரீனாவும் வந்து, ஓரத்துக் கதிரையில் சான்றிதழைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்காகக் கூட்டம் பெரும்பாலும் டேனிஷில் நடந்தது.

"அம்மணி, உங்கள் நாட்டில் ஆட்களை எண்ணச் சொல்லிக் கேட்டால் என்ன செய்வீர்கள்?" என்று மரியரட்ணம் நாதியாவிடம் கேட்டார்.

"எண்ணுவதில்லை. 1932க்குப் பிறகு எண்ணவே இல்லை."

கை தட்டல் எழுந்தது. மரியரட்ணம் கத்தரீனாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

"அது நல்லபடியாகப் போகிறதா?" என்று கத்தரீனா கேட்டாள். டேனிஷ்காரருக்கே உரிய உண்மையான ஆர்வத்தோடுதான் கேட்டாள்.

நாதியா சற்று யோசித்தாள். "அது பரீட்சைக்கு வராத பகுதி," என்றாள். பிறகு சொன்னாள்.

"காலம் போக ஆட்தொகை மாறியது. ஆசனங்கள் மாறவில்லை. கூடியவர்கள் கூட்டித் தா என்றார்கள். குறைந்தவர்கள் குறைக்கப் பயந்தார்கள். பெய்ரூத்தில் வங்கிகள் இருந்தன, தெற்கில் பசி இருந்தது. பலஸ்தீனர் ஆயுதத்தோடு வந்தார்கள். ஒரு பகுதிக்கு அது பலம், மற்றப் பகுதிக்கு அது பயம். வெளிநாடுகள் ஆளுக்கொரு தரப்பைப் பிடித்துக்கொண்டன. எல்லோரும் தங்கள் பையன்களுக்குத் துவக்கு வாங்கினார்கள். 1975 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் அப்பா கதையை ஒரு தேவாலய வாசலில் தொடங்குவார். என் கணவரின் அப்பா ஒரு பஸ்ஸில் தொடங்குவார். இரண்டு இடத்திலும் சுட்டார்கள். ஒரே நாள், ஒரே பகுதி. எங்கே தொடங்குகிறாய் என்பதை வைத்து நீ யார் என்று சொல்லிவிடலாம். அதனால் எங்கள் வீட்டு விருந்துக்கு ஒருவரை அழைத்தால் மற்றவரை அழைப்பதில்லை. பதினைந்து வருடம் நடந்தது."

"எத்தனை பேர் இறந்தார்கள்?" என்று கத்தரீனா மெதுவாகக் கேட்டாள்.

"அதையும் சரியாக எண்ணவில்லை."

பவளராணியின் பிளாஸ்க் மூடி உருண்டு போய் நின்றது.

"இதிலயிருந்து ஒரு பாடம் படிக்கவேணும்," என்று மரியரட்ணம் தமிழில் தொடங்கினார். "ஆசனத்தை மாத்தச் சொல்லிக் கேட்டதாலதான் சண்டை வந்திருக்கு. கேட்டிராட்டில் வந்திராது."

"மாத்தாததால வந்தது எண்டெல்லோ அவ சொன்னவ?" என்றார் இராசரத்தினம்.

"வெளியாக்கள் வந்து கலந்ததால," என்றார் செல்லத்துரை. அவருடைய பார்வை அஜந்தினிக்குப் பின்னால், கோல்டிங் இருக்கும் திசையில் போனது.

இராசரத்தினம் நாதியாவிடம், சண்டை எப்படி முடிந்தது என்று கேட்டார். தாயிப் என்ற ஊரில் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள், ஆறுக்கு ஐந்து போய் இரு தரப்புக்கும் சரிபாதி வந்தது என்றாள் அவள். இராசரத்தினம் எழுந்து நின்றுவிட்டார்.

"தலைவர் அவர்களே, சைவத் தரப்பு தாயிப் ஒப்பந்தத்தைக் கோருது. இப்பவே."

"அது சண்டை பிடிச்ச ஆக்களுக்கு," என்றார் மரியரட்ணம். "பதினைஞ்சு வருசம் சண்டை பிடிச்சுப்போட்டு வாங்கோ, தாறம்."

"சண்டையை விட்டுப்போட்டு ஒப்பந்தத்தை மட்டும் எடுக்கிறம்."

"அப்பிடி இடையில தொடங்கேலாது. லெபனான் முறை எண்டால் முழுசா லெபனான் முறை."

"உங்களுக்கு எழுபத்தொரு வயது, அண்ணை," என்றாள் பவளராணி. "நீங்கள் படியேறவே மூச்சு வாங்குது. பதினைஞ்சு வருசத்துக்கு ஆர் சண்டை பிடிக்கிறது? ஹன்னாவோ?"

ஹன்னா முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தாள்.

"ஏன், ஊரில எங்கட சண்டை எதில தொடங்கினது எண்டு நீங்கள் முதல்ல சொல்லுங்கோ பாப்பம்," என்றாள் பவளராணி. பகிடியாகத்தான் கேட்டாள்.

மரியரட்ணம் ஒரு வருடத்தைச் சொன்னார். இராசரத்தினம் வேறொரு வருடத்தைச் சொன்னார். அது இரண்டும் இல்லை, அதற்கு முந்தியே தொடங்கிவிட்டது என்று செல்லத்துரை சுத்தியலால் தட்டினார். அரை நிமிடத்துக்குள் மூன்று வருடங்களும் மேசைக்கு மேலே கத்திக்கொண்டு நின்றன. நாதியாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் முழுவதும் விளங்கியவள் போலத் தலையாட்டிக்கொண்டு மேலங்கியைப் போட்டாள். அவள் எந்தச் சமயம் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லையே என்று நினைத்த கிருபாமலர், அதை அவசரமாகக் கேட்டாள்.

"நான் மஞ்சள் அறை," என்றாள் நாதியா. பாலர் பாடசாலையில் அவளுடைய பிரிவு அது. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

கத்தரீனா மணிக்கூட்டைப் பார்த்தாள். "நாளைக் காலை நான் விடுமுறையில் போகிறேன். அதனால் எண்ணை இன்றைக்கே எடுத்துக்கொண்டு போகவேண்டும். மன்னியுங்கள். எத்தனை உறுப்பினர்கள்?"

மரியரட்ணம் எழுந்தார். சேர்ட்டின் மேல் பொத்தானைப் பூட்டினார்.

"அம்மணி, எங்கள் சமாசம் ஒரு குடும்பம். குடும்பத்தில் யாராவது எண்ணிக்கொண்டு இருப்பார்களா? நான் இருபது வருடமாகத் தலைவராக இருக்கிறேன். ஒரு தடவையாவது எண்ணியிருந்தால் இருபது வருடம் இருந்திருக்க முடியுமா?"

அவர் உட்கார்ந்ததும் செல்லத்துரை எழுந்தார். "தாவீது ராசா தன் சனத்தை எண்ணினான். எழுபதினாயிரம் பேர் கொள்ளைநோயில் செத்தார்கள். சாமுவேல் ஆகமத்தில் இருக்கிறது. எங்களிடம் செத்துப்போக அவ்வளவு பேர்..." என்று தொடங்கியவர், என்ன சொல்ல வருகிறோம் என்பதை உணர்ந்து, "ஆமென்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

இராசரத்தினம் செயலாளர் என்ற முறையில் பேசினார். எண்ணிக்கை என்பது தொழிற்சாலைகளுக்கு உரிய விடயம் என்றார். தொழிற்சாலையில் ஒவ்வொரு நாளும் எத்தனை பன்றி என்று எண்ணினார்கள், கடைசியில் எத்தனை தொழிலாளி என்று எண்ணினார்கள், எண்ணி முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மனிதரை எண்ணி நல்லது நடந்ததைத் தான் பார்த்ததில்லை என்றார். தண்ணீர் குடித்தார்.

கத்தரீனா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பத்துக்கும் ஐந்நூறுக்கும் இடையிலா?"

"ஒரு விதத்தில் பார்த்தால்," என்றார் மரியரட்ணம்.

"நாய்ச் சங்கத்துக்கு நான் என்ன சொல்வது?"

வெளியே யூன் மாத வெயில் இன்னும் மத்தியானம் போலவே இருந்தது. மேசையில் ஆறு ரோல்ஸும் ஐந்து வடையும் தொடப்படாமல் இருந்தன. கத்தரீனா சான்றிதழைக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டும்போது, கதவடியில் நின்ற அஜந்தினியைப் பார்த்து, "வருத்தமாக இருக்கிறது," என்றாள்.

அஜந்தினியின் அம்மா மகளைப் பார்த்தாள். அப்பா பார்க்கவில்லை. அவர் தன் முன்னால் இருந்த தண்ணீர்க் கோப்பையை, அது எங்கேயும் ஓடிவிடும் என்பது போல, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகளில் இருந்த பழைய கத்தித் தழும்புகளை அவள் கண்டாள். இப்போது வாயைத் திறந்தால் அவரைச் செயலாளர் என்று கூப்பிட இனி ஒருவரும் இருக்கமாட்டார்கள். திறக்காவிட்டால் சனிக்கிழமை இந்த இடத்தில் பதினாறு நாய்கள் நிற்கும்.

"கத்தரீனா," என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அந்தக் கூட்டங்களில் அவள் கூப்பிட்டு யாரும் திரும்பியதில்லை.

"பிள்ளை, முதலாம் சரத்து," என்றார் மரியரட்ணம் தாழ்ந்த குரலில்.

"தெரியும், மாமா."

செல்லத்துரை சுத்தியலைத் தூக்கினார். ஆனால் தட்டவில்லை. அஜந்தினி ஒரு தடவை மேசையைச் சுற்றிப் பார்த்தாள். எண்ணவேண்டிய தேவை இருக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அது தெரியும். லண்டனுக்கு ஒவ்வொரு குடும்பமாகப் போகும்போதும் காரின் பின் கண்ணாடியில் முகம் வைத்துக் கையசைத்த பிள்ளைகளை அவள் எண்ணியிருக்கிறாள். கையசைக்க இங்கே மிஞ்சியவர்களையும் எண்ணியிருக்கிறாள்.

முதலில் டேனிஷில் சொன்னாள். கத்தரீனா நம்பாதவள் போல அவளைப் பார்த்தாள். இங்கே இருப்பது செயற்குழு என்றும், தான் கேட்டது மொத்த உறுப்பினர்களை என்றும் சொன்னாள். அஜந்தினி தலையசைத்தாள். பிறகு, விளங்கவில்லை என்று ஒருவரும் சொல்லமுடியாதபடி, தமிழிலும் சொன்னாள்.

"எட்டுப் பேர். மூண்டு வீடு. எல்லாரும் இங்கதான் இருக்கிறம்."